ஐம்பத்தெட்டு தீபாவளிக் கூடைகள், ஒரு பெயரட்டை: வீட்டிலிருந்து செய்த பரிசுக் கூடை அனுபவம்

பின்னணி

2024 தீபாவளிக்கு எங்கள் வீட்டில் 58 பரிசுக் கூடைகள் தயாராயின. மதுரையில், சாதாரண வீட்டுச் சமையலறையில். ஆட்கள் மூன்று பேர்: அண்ணி, அம்மா, நான். அடுப்பு அம்மாவிடம், கூடை கட்டுவதும் அட்டை எழுதுவதும் அண்ணியிடம், கணக்கும் ஸ்கூட்டரும் என்னிடம். கடைசி ஆறு நாள் மட்டும் கைவேலைக்கு ஓர் அக்காவைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டோம். இதே மாதிரி செய்யப்போகிறோம் என்று சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை விட ஒரே தடவை எழுதிவிடலாம் என்றுதான் இது. வாங்கியவர்கள் யார், எந்த அலுவலகம் என்பதெல்லாம் இதில் இருக்காது.

முந்தைய வருடம், 2023-இல், அண்ணி சொந்தக்காரர்களுக்காக ஒன்பது கூடை செய்திருந்தார். சித்தப்பா வீட்டுக்குப் போன தேன்குழலில் மிளகு கூடுதல். பல் கட்டிய பெரியம்மாவுக்கு முறுக்கே இல்லை, அதற்குப் பதில் வாயில் போட்டால் கரையும் மைசூர் பாகு இரண்டு மடங்கு. கல்யாணமாகித் தலைதீபாவளி கொண்டாடிய பெண்ணுக்கு அவள் பெயரும் மாப்பிள்ளை பெயரும் சேர்த்து எழுதிய அட்டை. ஒன்பது வீட்டிலிருந்தும் போன் வந்தது. அந்த ஒன்பது வீடுகளையும் எங்களுக்கு உள்ளும் புறமும் தெரியும், கூடை நன்றாக அமைந்ததற்குக் காரணமே அதுதான். இது எங்களுக்கு உறைத்தது 2024 அக்டோபர் 27 அன்று மதியம்தான்.

ஆர்டர் எடுத்த விதம்

ஆகஸ்டில் முடிவு செய்தோம். விற்பது என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். 2024-இல், வருட விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்த எங்களைப் போன்றவர்களுக்கு முழு உரிமம் தேவைப்படவில்லை, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு போதுமானதாக இருந்தது, வருடத்துக்கு 100 ரூபாய், ஆன்லைனிலேயே விண்ணப்பித்தோம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் போட வேண்டும், கூடவே என்னென்ன சேர்த்திருக்கிறது, எடை, செய்த தேதி, சைவத்துக்கான பச்சைப் புள்ளி. இந்தப் பகுதியில் எங்களுக்கு ஒரு சிக்கலும் வரவில்லை.

24 ஆர்டர் தெரிந்த குடும்பங்களிடமிருந்தும், அவர்கள் சொல்லிக் கேட்டவர்களிடமிருந்தும் வந்தன. அவர்களுக்கு ஒரு கூகுள் படிவம் அனுப்பினோம்: அட்டையில் பெயர் எப்படி எழுத வேண்டும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா, யாருக்காவது சர்க்கரை இருக்கிறதா, எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெயும் சீயக்காயும் வைக்கவா. மீதி 34 கூடை ஒரே அலுவலகம். அவர்கள் தங்களுடைய பழைய ஊழியர்களுக்கும் சில வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பச் சொன்னார்கள். படிவமெல்லாம் நிரப்ப நேரமில்லை என்று ஓர் எக்ஸெல் தாளை அனுப்பிவிட்டார்கள்: பெயர், முகவரி, போன் நம்பர், 34 வரிசை. அட்டையில் "திரு. இன்னார், திருமதி இன்னார்" என்று தம்பதியாக எழுதச் சொன்னார்கள். நான் அதை அப்படியே பிரின்ட் எடுத்து அண்ணியிடம் கொடுத்தேன். தாள் எந்த வருடத்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

விலை, மதுரைக்குள் 900 ரூபாய், வெளியூருக்குக் கூரியரோடு 1,050. உள்ளூர் 27, வெளியூர் 31.

படிவத்தில் ஏழு பேர் சர்க்கரை என்று டிக் செய்திருந்தார்கள். அம்மா, "கருப்பட்டியில செஞ்சாத் தப்பில்லப்பா, அது உடம்புக்கு நல்லதுதானே" என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது, எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆர்டர் கொடுத்தவர்களில் ஒருவர் நர்ஸ். உள்ளே என்ன வைக்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னதும் சிரித்துவிட்டார். கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள், இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும் என்று விளக்கினார். அந்த ஏழு கூடைகளிலும் இனிப்பையும், வெல்லம் போட்டுக் கிண்டிய லேகியத்தையும் எடுத்துவிட்டு, கார வகை ஒன்றைக் கூட்டி, வறுத்த கடலையும் சுக்கு மல்லித் தூளும் வைத்தோம். அம்மா இன்று வரை ஒப்புக்கொள்ளவில்லை.

சோதனைக் கூடை

செப்டம்பர் கடைசியில் இரண்டு கூடைகளைக் கட்டி, ஐந்து நாள் பீரோ மேல் வைத்துப் பார்த்தோம். சாயல்குடிப் பக்கத்திலிருந்து வரவழைத்த பனை ஓலைப் பெட்டி, ஒன்று 110 ரூபாய், பார்க்க அவ்வளவு அழகு. உள்ளே பட்டர் பேப்பரில் சுற்றிய அதிரசம், மைசூர் பாகு, கவரில் போட்டு வாயை மடித்து ஒட்டிய தேன்குழல், ரிப்பன் பக்கோடா, சின்ன டப்பாவில் லேகியம், ஓரத்தில் நல்லெண்ணெய் பாட்டிலும் சீயக்காய்ப் பொட்டலமும்.

ஆறாம் நாள் திறந்தால், மைசூர் பாகைக் கடித்தபோது தலைக்குக் குளித்த மாதிரி இருந்தது. சீயக்காய் வாசனை ஓலைக்கும் ஏறி, நெய்ப் பலகாரத்துக்கும் ஏறிவிட்டது. நெய் வாசனையை அவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்று நான் நினைக்கவில்லை. தேன்குழல் நமத்துப்போயிருந்தது, அதுவும் அதிரசத்தை ஒட்டி இருந்த பக்கம் மட்டும். பாகில் செய்த அதிரசத்தின் ஈரம், காய்ந்த முறுக்கை நோக்கிப் போய்விடுகிறது, பட்டர் பேப்பரும் ஒட்டிய கவரும் அதைத் தடுக்கவில்லை.

அதனால் ஒவ்வொரு பலகாரத்தையும் தனித்தனிப் பையில் போட்டு, சூட்டில் ஒட்டும் சீலர் மிஷினால் மூடுவது என்று முடிவானது. மிஷின் 1,600 ரூபாய். சீயக்காய் இரண்டு பைகளுக்குள், அதுவும் எல்லாவற்றுக்கும் மேலே. இந்தச் சோதனையைச் செய்யாமல் இருந்தால் 58 பேரும் சீயக்காய் மைசூர் பாகு சாப்பிட்டிருப்பார்கள்.

கூரியர் கவுன்டரில்

அக்டோபர் 22, செவ்வாய். கட்டி முடித்த ஒரு வெளியூர்க் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு கூரியர் கவுன்டருக்குப் போனேன். வீட்டுத் தராசில் பேக்கிங்கோடு 1.9 கிலோ. கிலோ 75 ரூபாய் என்று விசாரித்து வைத்திருந்ததால் 150 ரூபாய்க்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் 1,050 விலை வைத்திருந்தோம்.

கவுன்டரில் இருந்த பையன் தராசைப் பார்க்கவே இல்லை. டேப்பை எடுத்தான். நீளம் 40 செ.மீ., அகலம் 30, உயரம் 25. மூன்றையும் பெருக்கினால் 30,000, அதை 5,000-ஆல் வகுத்தால் 6. "ஆறு கிலோ சார், 450." பொருள் இரண்டு கிலோவாக இருந்தாலும் வண்டியில் அது பிடிக்கும் இடத்துக்குத்தான் காசு, இரண்டில் எது அதிகமோ அதுதான் பில். கூடைக்குள் பாதி காற்று, மேலே குவிந்த கைப்பிடி, அதைக் காப்பாற்ற இன்னும் பெரிய அட்டைப் பெட்டி. காற்றுக்குக் கூரியர் கட்டப்போகிறோம்.

ஒரு கூடைக்கு 300 ரூபாய் கூடுதல் என்றால் 31 கூடைக்கு 9,300. விலையைக் கூட்டிக் கேட்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது, அண்ணி மறுத்துவிட்டார், சொன்ன விலை சொன்ன விலைதான். அன்று இரவே வெளியூர் 31-க்கும் ஓலைப் பெட்டியைக் கைவிட்டோம். 32 க்கு 24 க்கு 14 அளவில் தட்டையான அட்டைப் பெட்டி, 2.15 கிலோ என்று கணக்கு வந்து, இரண்டரை கிலோவுக்கு 190 ரூபாய் பில் ஆனது. நட்டம் கூடைக்கு 40-ஆகச் சுருங்கியது. அட்டைப் பெட்டி மொட்டையாக இருக்கக் கூடாது என்று அண்ணி, லேகிய டப்பாவை மட்டும் கையளவு ஓலைக் கொட்டானில் வைத்து நடுவில் உட்கார வைத்தார். வந்த பாராட்டில் பாதி அந்தக் கொட்டானுக்குத்தான்.

31 பெரிய ஓலைப் பெட்டி வீட்டில் தங்கிவிட்டது. 3,410 ரூபாய்.

மழை பெய்த வெள்ளிக்கிழமை

திட்டம் இப்படி: வியாழன் உள்ளூர்க் கூடைகளுக்கான முறுக்கு, வெள்ளி வெளியூருக்கானது, சனிக்கிழமை 26-ஆம் தேதி காலையில் கூரியர். திங்களுக்குள் போய்ச் சேர்ந்துவிடும், தீபாவளி 31 வியாழன்.

25-ஆம் தேதி வெள்ளி மதியத்துக்கு மேல் மதுரையில் கொட்டிய மழையை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செல்லூர்ப் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். எங்கள் தெருவில் அந்த அளவு இல்லை, ஆனால் மூன்று மணிக்குப் போன கரன்ட் இரவு வரை வரவில்லை. சீலர் மிஷின் கரன்ட் இல்லாமல் ஓடாது. காலையில் பிழிந்து எடுத்த ஆறு கிலோ தேன்குழல் அன்னக்கூடையில் துணி மூடி ஆறிக்கொண்டிருந்தது. இரவு ஒன்பதுக்கு அம்மா ஒன்றை எடுத்து உடைத்தார், சத்தமே வரவில்லை, வளைந்தது.

வெறும் வாணலியில் போட்டுப் புரட்டினால் மறுபடி மொறுமொறுப்பு வரும், வந்தது. வீட்டுக்கு என்றால் அப்படித்தான் செய்வோம். ஆனால் ஈரம் ஏறி, மறுபடி சூடு கண்ட பலகாரத்தில் சீக்கிரமே காறல் வாடை வந்துவிடும் என்பது அம்மாவின் அனுபவம், இது இன்னும் ஐந்து நாள் கழித்து யாரோ ஒருவர் திறக்கப்போகும் பை. விற்க வேண்டாம் என்று சொன்னது அம்மாதான், ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை. தெருவுக்கெல்லாம் கொடுத்தோம். மறுபடி செய்ததில் 1,900 ரூபாய் போனது, அதை விட முக்கியமாக ஒரு நாள் போனது. சனி முழுவதும் அடுப்பு, ஞாயிறு கூரியர் கிடையாது, ஆக வெளியூர்ப் பெட்டிகள் 28 திங்கள்தான் கிளம்பும்.

ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாவது வீடு

27-ஆம் தேதி உள்ளூர்க் கூடைகளை ஸ்கூட்டரில் கொடுக்கக் கிளம்பினேன். எட்டு வீடு நல்லபடியாக முடிந்தது. ஒன்பதாவது, அலுவலகப் பட்டியலில் உள்ள பழைய ஊழியர் ஒருவரின் வீடு. எழுபது வயதுக்கு மேல் இருக்கும் அம்மா ஒருவர் கதவைத் திறந்தார். யார் அனுப்பியது என்று சொன்னதும் முகம் மலர்ந்து, "உள்ள வாப்பா, உட்காரு" என்றார். கூடையை டீப்பாய் மேல் வைத்தேன். அவர் குனிந்து, கைப்பிடியில் கட்டியிருந்த அட்டையை விரலால் திருப்பிப் படித்தார். அண்ணியின் கையெழுத்து, பச்சை மை, திரு என்று அவருடைய கணவர் பெயர், அதற்குக் கீழே திருமதி என்று அவர் பெயர், இனிய தீபாவளி வாழ்த்துகள்.

கொஞ்ச நேரம் அட்டையை விடவில்லை. அப்புறம்தான் சுவரைப் பார்த்தேன், படம், மாலை.

"அவர் போயி ஏழு மாசம் ஆகுதுப்பா. இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்ல."

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. கூடையை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அது அதை விட மோசமான பேச்சு. துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள், மற்றவர்கள்தான் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், அந்த வழக்கம் எனக்குத் தெரியாததில்லை. அவர்தான் என்னைத் தேற்றினார்: "பலகாரம் இருக்கட்டும், பேரப் பிள்ளைங்க வருது. இந்த அட்டையை மட்டும் எடுத்துக்கிட்டுப் போப்பா." நூலை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை, அவரே கத்தரிக்கோல் எடுத்து வந்து வெட்டிக் கொடுத்தார்.

கூடையில் இருந்த ஒன்றிலும் குறையில்லை. அந்த வீட்டுக்கு அந்த வருடம் தேவைப்பட்டதும் அதுதான். தப்பாகப் போனது, இது உங்களுக்கென்றே செய்தது என்று காட்டத்தான் நாங்கள் கட்டிய அந்த ஓர் அட்டை. பெயரே எழுதாமல் அனுப்பியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

போன்

மீதி 18 கூடையோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அலுவலகத்துக்குப் போன் செய்தோம். பட்டியல் இரண்டு வருடத்துக்கு முந்தையது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர்களும் வருந்தினார்கள், ஆனால் பெறுகிறவர்களுக்கு முன்கூட்டியே சொன்னால் ஆச்சரியம் போய்விடும் என்று தயங்கினார்கள். அது நியாயமான தயக்கம்தான், பரிசு என்றால் அப்படித்தானே. அண்ணி ஒரு வழி சொன்னார்: பரிசு என்று சொல்ல வேண்டாம், உங்கள் பெயருக்கு ஒரு பார்சல் வருகிறது, முகவரி சரியா, யார் பெயரில் எழுத, எந்த நாள் வீட்டில் இருப்பீர்கள் என்று மட்டும் கேட்கலாம்.

ஞாயிறு மாலையும் திங்கள் காலையுமாக 49 பேருக்கும் போன் போட்டோம், அண்ணி பாதி, நான் பாதி. 38 பேர் எடுத்தார்கள். இன்னொரு வீட்டிலும் அந்த வருடம் பண்டிகை இல்லை. அந்த அட்டையில் வாழ்த்தை எடுத்துவிட்டு "அன்புடன்" என்று மட்டும் போட்டு, அனுப்புகிறவர் பெயரை எழுதினோம். ஒரு வீடு இடம் மாறியிருந்தது. இரண்டு பெயர்களில் எழுத்துப் பிழை, அதில் ஒருவர் ஆணா பெண்ணா என்பதே மாறியிருந்தது. மூன்று பேர் ஊருக்குப் போகிறோம், அங்கே அனுப்புங்கள் என்றார்கள். போன் எடுக்காத 11 பேருக்கு அட்டையில் பெயர் வேண்டாம், "உங்கள் வீட்டுக்கு" என்று மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தோம்.

மழை வந்து கெடுக்காமல் இருந்திருந்தால் இந்த 31 பெட்டியும் சனிக்கிழமையே தப்பும் தவறுமான அட்டைகளோடு போயிருக்கும்.

பண்டிகைக்கு அப்புறம்

திங்கள் கிளம்பிய பெட்டிகளில் 26 தீபாவளிக்கு முன் போய்ச் சேர்ந்தன. ஐந்து பூட்டிய கதவில் நின்றன, நான்கு சென்னை, ஒன்று கோவை. அந்த வருடம் வெள்ளிக்கிழமைக்கும் அரசு விடுமுறை விட்டதால் நான்கு நாள் தொடர் லீவு, சென்னையிலிருந்து சிறப்புப் பேருந்துகள் 28-ஆம் தேதியே ஓடத் தொடங்கிவிட்டன, ஆட்கள் நமக்காகக் காத்திருப்பார்களா? ஐந்தும் போன் எடுக்காத 11 பேரில் உள்ளவை. இரண்டு, நவம்பர் 4-ஆம் தேதி அதே கதவில் கொடுக்கப்பட்டன. மூன்று எங்களிடமே திரும்பின. திரும்பியதைத் திறந்து, புதிதாகச் செய்த பலகாரம் வைத்து மறுபடி அனுப்பினோம். பழையதை நாங்கள் சாப்பிட்டோம். 12-ஆம் நாளிலும் தேன்குழல் மொறுமொறு என்றுதான் இருந்தது, சீலர் மிஷினுக்குக் கொடுத்த 1,600 வீணில்லை.

ஒன்பதாவது வீட்டுக்கு அண்ணியும் அம்மாவும் ஒரு நாள் நேரில் போய்விட்டு வந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

கணக்கு

வரவு 56,850 ரூபாய். செலவு 53,428. மிச்சம் 3,422. கைவேலைக்கு வந்த அக்காவுக்கு ஆறு நாளைக்கு 3,600 கொடுத்தோம், ஆக எங்கள் மூன்று பேரின் மூன்று வார உழைப்பை விட அவருடைய ஆறு நாள் மேல். பலகாரத்தின் பொருள் செலவு கூடைக்கு 410, அதில் பெரிதாகத் தப்பு நடக்கவில்லை. ஓலைப் பெட்டி, மறுபடி செய்த முறுக்கு, மறுபடி அனுப்பிய கூரியர், இந்த மூன்றும்தான் தின்றது. சில பேர் வீட்டுத் தொழிலில் கேஸ், கரன்டைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். நாங்கள் தனியாக வணிக சிலிண்டர் வாங்கி, அதற்கு ஆன 1,900-ஐயும் எழுதினோம், அதனால்தான் எண் இவ்வளவு சின்னதாகத் தெரிகிறது.

அடுத்த வருடம் மாற்றியது

2025 தீபாவளி அக்டோபர் 20. செப்டம்பர் 25-ஓடு ஆர்டரை மூடிவிட்டோம், 40 கூடைக்கு மேல் இல்லை. விலை உள்ளூருக்கு 1,100, வெளியூருக்குக் கூரியர் என்ன ஆகிறதோ அது தனி, எல்லாமே தட்டைப் பெட்டி. வெளியூர் பார்சல் பண்டிகைக்கு ஒன்பது நாள் முன்னால் கிளம்பியது, அதற்காக அதிரசத்தை வெளியூர்ப் பெட்டியிலிருந்தே எடுத்துவிட்டோம், அது அத்தனை நாள் தாங்குவதைப் பற்றி எனக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை, சந்தேகம் இருந்தால் வேண்டாம் என்று அண்ணி தீர்த்துவிட்டார். கரன்ட் போனால் என்ன செய்வது என்பதற்கு இறுக்கி மூடும் எவர்சில்வர் தூக்குகள் ஆறு வாங்கி வைத்தோம். தேவைப்படவில்லை.

பெயர் விஷயத்தில் ஒரே விதி: போனில் பேசாத வீட்டுக்குப் பெயர் எழுதுவதில்லை. அலுவலகப் பட்டியல் என்றால் ஆர்டர் எடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுகிறோம். ஓர் அலுவலகம், அவ்வளவு மெனக்கெட வேண்டாம், எல்லாவற்றிலும் எங்கள் பெயரை மட்டும் அச்சடித்துக் கொடுங்கள் என்றது. கொடுத்தோம், அதுவும் ஒரு வகையில் நாணயமான கூடைதான். 2024-இல் ஆர்டர் கொடுத்த அந்த அலுவலகமும் மறுபடி வந்தது. இந்தத் தடவை அவர்கள் அனுப்பிய எக்ஸெல் தாளில் கடைசியில் ஒரு கட்டம் கூடுதலாக இருந்தது: "இந்த வருடம் பேசியது, தேதி". அதில் ஏழு வரிசை காலியாக இருந்தது. அந்த ஏழையும் அண்ணி போன் போட்டு நிரப்பினார்.

மிஞ்சிய 31 ஓலைப் பெட்டிகளில் ஒன்பது இன்னும் பரணில் இருக்கின்றன. மற்றவை சொந்தக்காரர் வீடுகளில் வெங்காயம் போட்டு வைக்கப் பயன்படுகின்றன.